மென்பொருள் சோதனையாளர் தேர்வு: எவ்வளவு பயன்?

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரை)





பட்டம் முடித்த நம் பிள்ளைகள் பலர், "சாஃப்ட்வேர் டெஸ்டிங் போகலாமா? அதற்குச் சான்றிதழ் வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். ஒரு மென்பொருள் மக்கள் கைக்குப் போகும் முன் அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதுதான் டெஸ்டிங்.

இத்துறையில் பல நாடுகளிலும் அறியப்பட்ட சான்றிதழ் ஐ.எஸ்.டி.க்யூ.பி. அமைப்பினுடையது. 2002-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதன் அடிப்படை நிலைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தாய்மொழியல்லாத மொழியில் எழுதுவோருக்கு 15 நிமிடம் கூடுதலாக உண்டு. முன் அனுபவம் கேட்பதில்லை. இச்சான்றிதழ் காலாவதியும் ஆவதில்லை.

இதனால் என்ன பயன்? முறையாகச் சிந்திக்கக் கற்றுத்தருகிறது. '18 முதல் 60 வயது வரை விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு படிவம் இருந்தால், எல்லா வயதையும் போட்டுப் பார்க்க முடியாது. 17, 18, 60, 61 ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிழை பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். இதைப் படித்தவர் நேர்காணலில் தடுமாறமாட்டார்.

ஆனால் இது வேலைக்கு உத்தரவாதம் அல்ல. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இது. ஒரு பிழையைக் கண்டு, மற்றவருக்குப் புரியும்படி எழுதத் தெரியுமா என்று அது சொல்லாது. ஆகவே நீங்கள் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்துச் சோதியுங்கள். கண்டதை எழுதி வையுங்கள். எஸ்.க்யூ.எல்., செலீனியம், ஜாவா அல்லது பைத்தான் பழகுங்கள். சான்றிதழோடு இந்த உழைப்பையும் காட்டினால்தான் மதிப்பு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. '100 சதவீதம் வேலை' என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக்கு வாங்காதீர்கள். பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாளும் அவ்வமைப்பின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சி வகுப்பு கட்டாயமில்லை, வீட்டிலிருந்தே படிக்கலாம். நம் பெண் பிள்ளைகளுக்கும் இது வசதி.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைக்கு 'மூன்று வருட அனுபவம்' என்று போலிச் சான்று தருபவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் வேலை போகும். பிடிபடாவிட்டாலும் அது பொய்ச்சாட்சி. அதை வைத்து வரும் சம்பளத்தில் பரக்கத் ஏது? பிழையைப் பிழை என்று சொல்வதே சோதனையாளரின் அமானிதம். அந்த வேலைக்குள் பொய்யோடு நுழையலாமா?

தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகள் தயங்க வேண்டாம். மாதிரித் தேர்வில் 40-க்கு 30 எடுத்து வந்து காட்டுங்கள். கட்டணத்தை வட்டியில்லா அழகிய கடனாகத் தரும்படி நிர்வாகிகளிடம் நானே பேசுகிறேன், இன்ஷா அல்லாஹ். வேலை கிடைத்ததும் திருப்பிக் கொடுங்கள். அது அடுத்த பிள்ளைக்குப் போகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.