குளவிக் கொட்டும் ஊசிக் கணக்கும்

(தலைமன்னாரில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது பாட்டன் பூட்டன் கரை இறங்கிய மண் இது. மலையகத்தின் 200 ஆண்டை நினைத்து 2023 ஜூலையில் மாத்தளைக்குப் புறப்பட்ட நடைபயணமும் இங்கிருந்துதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் நம்மவர்களிடம் ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பது அதில் இருந்தது. அந்த ஆளுக்கு என்ன வருத்தம், எது ஒத்துக்கொள்ளாது என்பது இருக்கவில்லை. நாம் இன்று பேச வந்தது அந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான்.

கொழுந்து மலையில் குளவி கொட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. பலருக்கு வீக்கமும் வலியும் வந்து போகும். சிலருக்கு ஒரே கொட்டில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு முட்டி, மயக்கம் வந்துவிடும். இதுதான் கடுமையான ஒவ்வாமை. உயிரையும் எடுக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒத்துக்கொள்ளாத பொருளையே மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டு, மெல்ல மெல்லக் கூட்டி, உடம்பைப் பழக்குவது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற வைத்தியர் புல்லின் மகரந்தத்தை வைத்து இதைச் செய்து எழுதினார். பூச்சியை முழுதாக அரைத்த சாற்றை விட, அதன் விஷத்தை மட்டும் எடுத்துச் செய்த ஊசியே காக்கும் என்று 1978இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். ஆனால் விற்பனைக்கு வரும் மருந்து பெரும்பாலும் மேல்நாட்டுத் தேனீ, குளவிகளின் விஷம். நம்ம மலைத்தேனீக்கு அது பொருந்துமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது கிடைக்கவும் மாட்டாது.

முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம் என்று மூன்று முதல் ஐந்து வருஷம் ஊசி போட வேண்டும். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். இடையில் நாள் தவறினால் பழைய அளவைப் போடுவது ஆபத்து. டொக்டர் குறைத்துத்தான் போடுவார். அப்படியானால் கடைசி ஊசி எந்தத் தேதி, எந்தப் போத்தல், எவ்வளவு, போட்ட பின் என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

மேல்நாட்டில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆளையும் போத்தலையும் ஒப்பிட்டுப் பார்க்கும், இடைவெளி கூடினால் எச்சரிக்கும், வரவேண்டிய நாளைப் போனுக்கு அனுப்பும். மூக்கடைப்பு, கண் அரிப்பு எவ்வளவு என்று நோயாளியே போனில் தினமும் குறிக்கும் ‘மாஸ்க் ஏர்’ என்ற செயலி 2015 முதல் இருக்கிறது. நமது நாட்டிலும் ஆஸ்பத்திரிகளில் ஆளுக்கொரு சுகாதார இலக்கம் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள்.

நம்ம வீட்டு நிலைமை வேறு. ஒரு போன், நாலு பேர். சிம் மாறினால் நம்பரும் மாறும். கிளினிக் அனுப்பும் தகவல் யாருக்கோ போகும். 1977க்குப் பின் இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களுக்கு மலையிலும் சொந்தம், இங்கேயும் சொந்தம். கலியாணம் கருமாதிக்கு அங்கே போய், ஊசி நாள் தவறும். ஆகவே கிளினிக் கொப்பியே முதலாவது என்பது நமது கருத்து. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவர் போனிலும் வையுங்கள். நம்பர் மாறினால் அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள். கங்காணிக்கோ துரைக்கோ அந்தப் படத்தைக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

குளவி கொட்டி மூச்சு முட்டினால் கொப்பியைத் தேடி நிற்க வேண்டாம். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், நடக்க விடாதீர்கள். உடனே வாகனம் பிடியுங்கள். அங்கே அட்ரினலின் ஊசி போடுவார்கள். கொப்பியை வீட்டிலுள்ள யாராவது பின்னால் கொண்டு வரட்டும்.