யாருக்காக அழுதாய் அம்மா?

(தலித் இளைஞர்களுக்கான கவிதைப் பட்டறை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தன்வரலாற்றைக் கவிதையில் எழுதுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் விமர்சகன் இல்லை. எழுதிப் பார்த்துத் தோற்றவன், அப்புறம் கொஞ்சம் தேறியவன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தன்வரலாறு என்று நமக்குப் பாடப்புத்தகத்தில் காட்டியது என்ன? இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன குலத்தில் பிறந்தேன்; தாத்தா இன்னார்; வீட்டில் ஏடு இருந்தது, நிலம் இருந்தது. எனக்குப் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதான். அம்மாவைக் கேட்டால் 'ஏரி ஒடஞ்ச வருசம், நடவு முடிஞ்சி ஒரு வாரம்' என்பாள். தாத்தாவுக்கு மேலே பேர் தெரியாது. பட்டா இல்லை, போட்டோ இல்லை. வரிசையாக எழுத உட்கார்ந்தால் நாலு பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஞாபகம் வரிசையாக வருவதில்லை. ஒரு தகரக் குவளை, ஒரு வாசனை, ஒரு வசவு என்று துண்டு துண்டாக வருகிறது. கவிதை அந்தத் துண்டைத் துண்டாகவே இருக்க விடுகிறது.

மராத்தியில் நமக்கு முன்னால் போனவர்களைப் பாருங்கள். மும்பையில் தான் வளர்ந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு விளக்குப் பகுதியின் பேரையே புத்தகத்துக்கு வைத்தார் நாம்தேவ் தசால். அந்தக் 'கோல்பிட்டா' 1972இல் வந்தது. தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்ததும் அதே வருசம். தயா பவார் முதலில் கொண்டுவந்தது கவிதைதான். 1974இல் 'கோண்ட்வாடா'. கோண்ட்வாடா என்றால் தப்பி மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற பவுண்டு. அவருடைய தன்வரலாறு 'பலுத்தா' வந்தது 1978இல். ஊருக்கு உழைத்தவர்களுக்கு அறுவடையில் அளக்கிற தானியப் பங்குதான் பலுத்தா. நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய கணக்குகளில் இப்படிப்பட்ட பங்குக்கு என்ன பேர் தெரியுமா? 'சுதந்திரம்'! அந்தப் புத்தகத்தில், படித்து உத்தியோகத்துக்குப் போன தயா பவாரிடம், தகடூ மாருதி பவார் தன் கதையைச் சொல்கிறான். ரெண்டும் ஒரே ஆள்தான். பவுண்டில் அடைபட்டதை முதலில் கவிதையில் கத்திவிட்டதால்தான், பிறகு நிதானமாகக் கணக்குக் கேட்க அவரால் முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே வாழ்க்கையை எழுதலாம் என்ற தைரியம் நமக்கும் வந்தது.

ஆனால் கவிதையில் வாழ்க்கையைச் சொல்வது நம்ம வீட்டுக்குப் புதுசா? இல்லை.

எங்கள் ஊரில் ஆண்டை வீட்டில் சாவு விழுந்தால் சேரிப் பெண்கள் போய் மாரடித்து அழவேண்டும். பெரிய ஆண்டை செத்தபோது நான் சின்னப் பையன். வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அம்மா அழுத அழுகையைப் பார்த்து, 'என்னா விசுவாசம் பாரு' என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ராத்திரி கேட்டேன். 'அந்தாளுக்கா அழுதேன்? எம்பொண்ணுக்கு அழுதேன்டா' என்றாள்.

எனக்கு முன்னால் பிறந்த அக்கா அது. ஆறு மாசத்தில் பேதி கண்டது. நடவு நாள். பாதியில் கரையேற ஆண்டை விடவில்லை. பொழுது சாய்ந்து வந்து பார்த்தால் குழந்தை இல்லை. மறுநாளும் நடவு. பத்து வருசம் கழித்து, அவன் பிணத்துக்கு முன்னாலேயே, அவன் செய்ததை ராகம் போட்டுப் பாடிவிட்டு வந்திருக்கிறாள். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் புரியவில்லை. கூட உட்கார்ந்த பெண்களுக்கெல்லாம் புரிந்தது.

தோழர்களே, இது தன்வரலாறு இல்லையென்றால் வேறு எது?

இதை உரைநடையில் நாலு தரம் எழுதினேன். ஆண்டை கொடியவன், அம்மா பாவம் என்று வந்து நின்றது. படிக்கிறவன் உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போவான். கடைசியில் கவிதையாக எழுதினேன். வாசற்படி, மண், நாற்று முடி, அம்மாவின் குரல், அவ்வளவுதான். பத்திரிகையில் வந்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: 'எல்லாத்தையும் சொல்லிட்ட. அவ பேர வுட்டுட்டியேடா.'

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. 'குழந்தை' என்றுதான் எழுதியிருந்தேன். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பேர். அம்மா வாயில் மட்டும் இருந்த பேர். ஆண்டை மதிக்காத உயிரை நானும் பேரில்லாமல் ஆக்கிவிட்டேன். தொகுப்பில் சேர்த்தபோது முதல் வரியிலேயே அந்தப் பேரை வைத்தேன்.

அதனால் எழுத வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, படிமம் தேடி ஓடாதீங்க. தெருவுக்குப் பேர் உண்டு, கிணத்துக்குப் பேர் உண்டு, செத்தவங்களுக்குப் பேர் உண்டு. அதை எழுதுங்க. 'இத எழுதாத' என்று அம்மா சொன்னால் விட்டுவிடுங்கள். வலி அவங்களது, முடிவும் அவங்களதுதான். ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீங்க. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: அன்னிக்கு நீ யாருக்காக அழுத?