கண்ணொளிப் பணியில் எதைக் கணக்கிடுவது?

 

கண் சிகிச்சை முகாம் நம்மைப் போன்ற சங்கங்களுக்குப் பழகிய நற்பணி. முகாம் முடிந்ததும், இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை மூக்குக்கண்ணாடி வழங்கினோம், இத்தனை வெள்ளி செலவு என்று ஆண்டறிக்கையில் எழுதுவது வழக்கம். அது நாம் செய்த வேலையின் கணக்கு. அதனால் எத்தனை பேர் இன்று தெளிவாகப் பார்க்கிறார்கள் என்பது வேறு கணக்கு. நன்கொடை ஓர் அமானிதம். அதற்கு நாம் சொல்லவேண்டிய பதில் அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

2014-இல் மலேசியாவில் 50 வதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே தேசியக் கண் ஆய்வு நடந்தது. பார்வையிழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம், சிகிச்சை பெறாத கண்புரை. அடுத்தது நீரிழிவால் வரும் விழித்திரை நோய். முன்னதை அறுவை சிகிச்சை சரிசெய்யும். பின்னதைப் பார்வை மங்குமுன்பே கண்டறிய வேண்டும். கண்ணாடி வழங்கினால் மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. இருக்கும் ஆய்வைப் படிக்க நமக்குச் செலவும் இல்லை.

இன்னொரு பாடம் மதுரையிலிருந்து. 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் இலவச முகாம்களை நடத்தி வந்தது. வீடு வீடாகச் சென்று விசாரித்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்திருந்தார்கள்! பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. முகாமில் நின்று தலைகளை எண்ணியவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. பிற்காலத்தில் அம்மருத்துவமனை, ஊர்ப்புறங்களில் நிரந்தரமான சிறு கண் நிலையங்களைத் திறந்தது.

உலக சுகாதாரப் பேரவையும் 2021-இல் இதே வழியில்தான் 2030-க்கான இலக்கை வகுத்தது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். கண்புரை அறுவை தேவைப்படுவோர் 100 பேர். அறுவை நடந்தது 60 பேருக்கு. அவர்களில் நல்ல பார்வை பெற்றவர் 45 பேர் என்றால், நம் மதிப்பெண் 60 அல்ல, 45.

இதை நாமும் செய்யலாம். முதலாவதாக, முகாமுக்கு முன் வட்டாரத்து வீடுகளில் விசாரித்து, யார் வரவில்லை, ஏன் என்று குறித்துக்கொள்வோம். வாகனம் இல்லையென்றால் வாகனம்; பயமென்றால், அறுவை செய்து பார்வை பெற்ற ஒருவரை அவர் வீட்டுக்கு அழைத்துச் செல்வோம். இரண்டாவதாக, சிகிச்சைக்கு முன்னும் சில வாரங்களுக்குப் பின்னும் பார்வையை அளந்து எழுதுவோம். மூன்றாவதாக, ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியை அணிகிறார்களா என்று கேட்போம். இவற்றையெல்லாம் அவர்களது சம்மதத்துடன், பெயர் வெளிவராமல் செய்வோம்.

பார்வை திரும்பாதவர்களையும் மறக்கலாகாது. தனியாகக் கடைக்குப் போகிறாரா, தொழுகைக்கு வருகிறாரா, வேலை கிடைத்ததா? அவருக்கு எது முக்கியம் என்பதை அவரே சொல்லட்டும், அதையே அளப்போம்.

எண்ணிக்கை முதலாண்டில் குறைவாகத் தெரியலாம். அதை மறைக்காமல் அறிக்கையில் அச்சிடுவோம். அடுத்த ஆண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை அதுவே காட்டும்.