நிலத்தடி நீரும் நெல்வயற் புகையும்



ஐப்பசி பிறந்ததும் தில்லியில் வாழும் நம்மவர் கண் எரிச்சலுற்று, வானை மூடிய புகைக்காகப் பஞ்சாப் உழவரை நொந்துகொள்வது வழக்கம். அப்புகையின் வேர்களுள் ஒன்று, நீரைக் காக்க எழுந்த சட்டத்திலே இருப்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பஞ்சாபில் நிலத்தடி நீர் தாழ்ந்துகொண்டே வந்தது. கடுங்கோடையில் நட்ட நெல் மிகுந்த நீரைக் குடித்தமையால், ஜூன் 10-க்கு முன் நாற்று நடலாகாது என 2009-இல் சட்டம் இயற்றினர். நோக்கம் நன்றே. ஆயினும் நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க எஞ்சியவை இரண்டு மூன்று வாரங்களே. அரிதாளை அகற்றப் பொழுதின்மையால், முன்பே இருந்த தீ வைக்கும் பழக்கம் வலுத்தது.

இதற்கு ஆராய்ச்சி விடை தேடியது. நட்டபின் ஏறத்தாழ 93 நாட்களில் முதிரும் பி.ஆர். 126 நெல்லை லூதியானா வேளாண்மைப் பல்கலைக்கழகம் அளித்தது. அரிதாளினூடே கோதுமையை நேரே விதைக்கும் 'ஹாப்பி சீடர்' கருவியும் வந்தது.

ஆனால் கருவிக்குக் காசு வேண்டுமன்றோ? நெல்லையும் கோதுமையையும் போலவே பருப்பையும் மக்காச்சோளத்தையும் அரசு உறுதியாகக் கொள்முதல் செய்தாலன்றிப் பயிர் மாறுவது அரிது. ஆடிப்பட்டம் அறிந்த நமக்கு, உழவனுக்கு நாளின் அருமை யாதெனத் தெரியும். நீர், மண், காற்று மூன்றையும் ஒருங்கே நோக்கும் கொள்கையே அவனைக் கரைசேர்க்கும். அவனை மட்டும் பழிப்பது முறையன்று.