மூன்றாம் நாள் மண்வெட்டி



ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு இருக்கிறது. பரப்பளவில் தமிழ்நாட்டை விடச் சற்றுச் சிறியது. கடல் கிடையாது. ஆனால் ஓர் ஏரி உண்டு. அது நம் ஊர் ஏரி போல அல்ல. அதன் நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். கரையில் நின்றால் அலை அடிக்கும். அக்கரை தெரியாத இடங்களும் உண்டு. புதிதாக வருபவர் கடல் என்றே நினைப்பார்.

மலாவியில் இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் விவசாயிகள். உலகின் மிக ஏழை நாடுகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த நாட்டுக்கு வேறொரு பெயரும் உண்டு. ‘ஆப்பிரிக்காவின் இதமான இதயம்’ என்பார்கள். சுற்றுலாவுக்காக வைத்த பெயர்தான். இருந்தாலும் போய் வந்தவர்கள் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

அங்கே பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். முதுகில் ஒரு பெரிய பை. பைக்குள் இரண்டு செட் துணி, ஒரு கொசுவலை. கார் வைத்துக்கொள்வதில்லை. பெரிய ஓட்டலில் தங்குவதில்லை. ஊர் மக்கள் போகும் வண்டியிலேயே போகிறார்கள். இவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் வண்டியைப் பார்ப்போம். மலாவியில் ஊருக்கு ஊர் ஓடுவது மினிபஸ். அது எத்தனை மணிக்குக் கிளம்பும்? அங்கே இதற்கு ஒரே பதில்தான். நிறைந்ததும் கிளம்பும். மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்கு பேர் உட்கார வேண்டும். நடுவழியிலும் மடக்கு இருக்கை போடுவார்கள். காலடியில் கோழி இருக்கும். மடியில் யாருடைய குழந்தையாவது இருக்கும். நம் நாட்டு ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் போனவருக்கு இது புதிதல்ல. ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்பது எல்லா நாட்டு மொழியிலும் இருக்கும் போலிருக்கிறது.

மினிபஸ் போகாத ஊருக்கு ‘மட்டோலா’ போகும். சரக்கு ஏற்றும் சிறிய லாரிதான் மட்டோலா. மக்காச்சோள மூட்டை மேல் ஆட்கள் உட்காருவார்கள். பிடித்துக்கொள்ளக் கயிறு மட்டும் இருக்கும். வடக்கே லிவிங்ஸ்டோனியா என்று ஒரு மலை ஊர் உண்டு. 1894-இல் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் அங்கே குடியேறினார்கள். ஏரிக்கரையிலிருந்து அந்த ஊருக்குப் போகும் மண் பாதையில் சுமார் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டோலாவில் ஏற வேண்டும். பயணிகள் இதை வீரக் கதையாகச் சொல்வதுண்டு. ஊர்ப் பெண்களுக்கு இதில் வீரம் ஒன்றும் இல்லை. சந்தைக்குப் போக வேறு வழி இல்லை, அவ்வளவுதான். மட்டோலா கவிழ்ந்தால் அடிபடுவது அவர்களும்தான்.

ஏரியில் ‘இலாலா’ என்று ஒரு கப்பல். ஸ்காட்லாந்தில் செய்து, பகுதி பகுதியாகக் கொண்டுவந்து, இங்கே பூட்டி, 1951-இல் தண்ணீரில் விட்டார்கள். அடிக்கடி பழுதாகி நின்றாலும் கரையோர ஊர்களையும் தீவுகளையும் பல காலம் இணைத்த கப்பல் அது. கீழ்த்தளத்தில் மூட்டை, கருவாடு, கோழி, கூட்டம். மேல்தளத்தில் காற்று. மேல்தளத்துக்குக் கட்டணம் அதிகம். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் மேலே பாய் விரித்துப் படுப்பார்கள். ஒரே கப்பல்தான், ஆனால் இரண்டு வகைப் பயணம்.

பணத்திலும் இப்படித்தான். மலாவியின் பணம் குவாச்சா. 2023 நவம்பரில் அதன் மதிப்பை அந்நாட்டு மத்திய வங்கி ஒரே நாளில் குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்குச் சுமார் 1,180 குவாச்சா. அதற்குப் பிறகு சுமார் 1,700. டாலர் வைத்திருந்த பயணிக்கு எல்லாம் மலிவானது. குவாச்சாவில் கூலி வாங்கும் ஆளுக்கு எல்லாம் விலை ஏறியது. இருவரும் மினிபஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி வீட்டுக்குப் போவோம். அங்கே கிராமத்தில் கதவைத் தட்டி உள்ளே நுழையக் கூடாது. வாசலில் நின்று ‘ஓடி!’ என்று குரல் கொடுக்க வேண்டும். தமிழ்க் காதுக்கு யாரோ ஓடச் சொல்வது போலக் கேட்கும். அது ‘உள்ளே வரலாமா’ என்பதற்கான சொல். உள்ளிருந்து அழைப்பு வந்த பிறகு போகலாம். போனதும் விஷயத்துக்கு வந்துவிடக் கூடாது. முதலில் ‘முலி ப்வான்ஜி?’ என்று நலம் கேட்க வேண்டும். அவரும் கேட்பார். பொருளை ஒற்றைக் கையால் நீட்டினால் மரியாதை இல்லை. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். உடையிலும் கவனம் வேண்டும். பண்டா என்பவர் 1994 வரை அங்கே ஆண்டார். அவர் காலத்தில் பெண்கள் கால்சட்டை போடச் சட்டம் தடுத்தது. நீண்ட முடியோடு வந்த வெளிநாட்டு ஆண்களுக்கு எல்லையிலேயே முடி வெட்டினார்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை. கிராமத்துப் பெரியவர்களின் பார்வை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சாப்பாட்டு நேரம் வந்தால் விருந்தாளியை விடமாட்டார்கள். கை கழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய ‘ன்சிமா’ வரும். நம் கேழ்வரகுக் களி போல இருக்கும். நிறம் மட்டும் வெள்ளை. கையால் பிட்டு, உருட்டி, கீரையிலோ மீன் குழம்பிலோ தொட்டுச் சாப்பிட வேண்டும்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. அது எந்த மாதம்?

மலாவியில் மழை நவம்பர், டிசம்பரில் தொடங்கும். அப்போது விதைப்பார்கள். அறுவடை ஏப்ரல் வாக்கில். நடுவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குதிர் காலியாகும். வயல் பச்சையாக இருக்கும். வீட்டில் மாவு இருக்காது. சந்தையில் விலை ஏறும். பல வீடுகளில் ஒரு வேளைச் சோறு குறையும். மழை பொய்த்த ஆண்டு இன்னும் மோசம். 2002-இல் அங்கே பஞ்சம் வந்து மக்கள் இறந்தார்கள். 2024 மார்ச்சில், வறட்சியால் 28 மாவட்டங்களில் 23 மாவட்டங்களைப் பேரிடர்ப் பகுதி என்று அரசு அறிவித்தது.

அறுவடை முடிந்த மே மாதத்தில் விருந்தாளி சாப்பிட்டால் அது சோறு. பிப்ரவரியில் சாப்பிட்டால் அது அந்த வீட்டுக் குழந்தையின் சோறு. தட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பரிமாறுபவர் முகத்திலும் தெரியாது. முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் அவர்கள் பண்பாடு.

சில பயணிகள் ஊருக்குத் திரும்பிப் பெருமையாகச் சொல்வார்கள்: ‘ஒரு மாதம் சுற்றினேன், செலவே இல்லை.’ செலவு இல்லாமல் இல்லை. வேறொருவர் செலவு செய்தார். வாழைப்பழம் விற்கும் பெண்ணிடம் கடைசிக் காசு வரை பேரம் பேசுவதும் இதே கணக்குதான். அதிகக் கட்டணம் கேட்டு ஏமாற்றும் நடத்துநரும் அங்கே உண்டு, மறுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்த்து அதே காசைக் கொடுத்தால் அந்தச் சண்டை பெரும்பாலும் வராது.

அப்படியானால் விருந்தை மறுத்துவிடலாமா? கூடாது. அது அவமானம். ஏழை வீட்டுக்காரருக்கும் விருந்து வைக்கும் உரிமை உண்டு. விவரம் தெரிந்த பயணி வெறும் கையோடு போக மாட்டார். சர்க்கரை, உப்பு, சோப்பு வாங்கிப் போவார். காசை நீட்டினால் முகம் சுருங்கலாம். சர்க்கரைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் கொடுத்தால் சிரித்து வாங்கிக்கொள்வார்கள்.

நம் பெரியவர்கள் ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்றார்கள். மலாவிக்குப் பக்கத்து நாடு தான்சானியா. அங்கே சுவாஹிலி மொழியில் ஒரு பழமொழி உண்டு. இரண்டு நாள் விருந்தாளி, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டி கொடு என்பார்கள். அந்நாட்டின் முதல் தலைவர் ஜூலியஸ் நைரேரே 1962-இல் இதை எடுத்துச் சொன்னார். விரட்டுவதற்குச் சொன்ன சொல் அல்ல இது. மூன்றாம் நாள் அவர் அந்நியர் இல்லை, வீட்டு ஆள் என்று பொருள்.

சில பயணிகள் உண்மையிலேயே மண்வெட்டி எடுப்பதுண்டு. பழக்கம் இல்லாத கை சீக்கிரம் கொப்பளிக்கும். வரப்பில் குழந்தைகள் கூடி நின்று சிரிப்பார்கள். வீட்டுக்கார அம்மா வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, காம்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தருவார்.