நம்பாத நண்பன் கேட்ட கேள்வி



கல்லூரியில் கத்தோலிக்க மாணவரின் விசுவாச வாழ்வு பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேச எழுகிறவர்கள் வழக்கமாக ஆபத்துகளை அடுக்குவார்கள். கைபேசி, கூடாத சேர்க்கை, கடவுளே இல்லை என்று வாதாடும் விடுதி நண்பன். நான் அந்தக் கடைசி ஆளிடமிருந்தே தொடங்குகிறேன். கடவுள் இல்லை என்று சொன்ன அந்த நண்பனுக்குத் திருச்சபை கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

1831ஆம் ஆண்டு. பாரிஸ் நகரம். முந்தின ஆண்டு ஜூலையில்தான் ஒரு புரட்சி அரசனைத் துரத்தியிருந்தது. அரசனோடு ஒட்டிக்கொண்டிருந்த திருச்சபை மீதும் ஊருக்கு ஆத்திரம். அந்த நகரத்துக்குச் சட்டம் படிக்க வருகிறான் 18 வயதுப் பையன் ஒருவன். லியோனில் வளர்ந்தவன், மருத்துவரின் மகன். பெயர் பிரெடரிக் ஓசானாம். பக்தியான குடும்பம்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்திலேயே சந்தேகம் அவனைப் பிடித்து உலுக்கியிருந்தது. நுவாரோ என்ற குருவானவர் அவனுக்குத் தத்துவ ஆசிரியர். அவர் அவனைக் கண்டிக்கவில்லை. உலாவப் போகும்போது உடன் அழைத்துக்கொண்டு போனார். பேசினார். பேச விட்டார். அப்படித்தான் அவன் தெளிந்தான். பெற்றோரே, சந்தேகப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

பாரிசில் அவனுக்குத் தங்க இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? மின்னோட்டத்தை ஆம்பியரில் அளக்கிறோமே, அந்த ஆந்த்ரே மரி ஆம்பியர்! உலகம் போற்றிய அந்த விஞ்ஞானி கோவிலில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததை ஓசானாம் பார்த்தான் என்று அவன் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

வீட்டில் இப்படி. வகுப்பறையிலோ வேறு காற்று. சொர்போன் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஜூஃப்ருவா, இறைவெளிப்பாடு என்பதே பொய் என்று பாடம் நடத்துகிறார். ஓசானாமும் தோழர்களும் என்ன செய்தார்கள்? வகுப்பைப் புறக்கணித்தார்களா? கூச்சல் போட்டார்களா? உட்கார்ந்து படித்தார்கள். மறுப்பை எழுதினார்கள். கையெழுத்திட்டுப் பேராசிரியருக்கே அனுப்பினார்கள். அவரும் கடைசியில் அதை வகுப்பில் எடுத்துவைத்துப் பதில் சொல்ல நேர்ந்தது. மாணவன் தன் விசுவாசத்துக்காகப் பேசும் முறை இது.

அந்த நாட்களில் பாய்யி என்ற பத்திரிகைக்காரர் மாணவர்கள் கூடி விவாதிக்க இடம் கொடுத்திருந்தார். வரலாற்று மன்றம் என்று பெயர். அங்கே கத்தோலிக்கரும் வருவார்கள், நம்பிக்கை இல்லாதவர்களும் வருவார்கள், சான் சிமோன் என்ற சமூகச் சிந்தனையாளரின் கொள்கைக்காரர்களும் வருவார்கள். ஒருநாள் ஓசானாம் கிறிஸ்தவம் உலகுக்குச் செய்த நன்மைகளை எடுத்துச் சொல்லி அமர்ந்தான். எதிரணியிலிருந்து ஒருவன் எழுந்தான். பழங்காலத்தில் உங்கள் மதம் பெரிய காரியங்கள் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். இன்று என்ன செய்கிறது, கத்தோலிக்கன் என்று பெருமைப்படும் நீ என்ன செய்கிறாய், அதைக் காட்டு, நம்புகிறோம் என்றான்.

ஓசானாமிடம் அதற்குப் பேச்சால் பதில் இல்லை. பதில் வேறு இடத்தில் இருந்தது.

1833 ஏப்ரல் 23. அவனுக்கு அன்றுதான் 20 வயது நிறைகிறது. பாய்யியின் பத்திரிகை அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினார்கள். பாய்யி தலைமை. ஏழைகளின் வீட்டுக்குப் போவது என்று முடிவு. ஆனால் எப்படிப் போவது? சட்டம் படிக்கிற பையன்களுக்கு ஏழை வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று தெரியுமா? அதைக் கற்றுக்கொடுத்தவர் முஃப்தார் தெருப் பகுதியில் ஏழைகளுக்காகவே வாழ்ந்த அருட்சகோதரி ரொசாலி ரெந்து. முந்தின ஆண்டு காலரா ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போன நகரம் அது. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். வீடுகளின் பட்டியலைக் கொடுத்தார். ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் சீட்டுக் கொடுத்தார். ஏழையிடம் எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இருவர் இருவராகப் பையன்கள் இருட்டுப் படிகளில் ஏறினார்கள். தொடக்கத்தில் எண்ணம் ஏழைக்கு உதவுவது. ஏறி இறங்கிய பிறகு, வளர்ந்தது யாருடைய விசுவாசம் என்று அவர்களுக்கே புரிந்தது.

அந்த ஏழு பேர் கூட்டம்தான் இன்று 150 நாடுகளுக்கும் மேல் பரவியிருக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபை. நம் பங்குகளில் வாரந்தோறும் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு போகிறார்களே, அதே சபை. அதில் உழைக்கும் பெரியவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. 20 வயதுப் பிள்ளைகள் தொடங்கிய சபையில், நம் பங்குகள் பலவற்றில், 20 வயதுப் பிள்ளையைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது!

ஓசானாம் ஏழை வீட்டுக்குப் போனான் என்பதற்காகப் புத்தகத்தை மூடிவிடவில்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தே பற்றி ஆராய்ந்து முனைவரானார். சொர்போனிலேயே வெளிநாட்டு இலக்கியப் பேராசிரியரானார். மாணவராக இருந்தபோதே தோழர்களோடு பேராயரிடம் மனுக் கொடுத்தார். எங்கள் தலைமுறையின் கேள்விகளுக்கு எங்கள் மொழியில் பதில் சொல்லும் மறையுரை வேண்டும் என்று கேட்டார். முதல் மனுவில் காரியம் நடக்கவில்லை. மறுபடியும் போனார்கள். 1835 தவக்காலத்தில் லாக்கோர்டேர் என்ற குருவானவர் நோத்ர தாம் பேராலயத்தில் பேசத் தொடங்கினார், பாரிசே திரண்டது. ஓசானாம் 40 வயதில், 1853இல் மறைந்தார். 1997 ஆகஸ்டில் உலக இளையோர் நாளுக்குப் பாரிஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதே நோத்ர தாமில் அவரை அருளாளராக அறிவித்தார்.

இன்னொரு மாணவரையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டாரே, பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தி. இத்தாலியின் தூரின் நகரத்துச் சுரங்கப் பொறியியல் மாணவர். தகப்பனார் 'லா ஸ்தாம்பா' நாளிதழின் அதிபர், கடவுள் நம்பிக்கையில் ஒட்டாதவர். வீட்டில் கிடைக்காத துணையை ஃபூச்சி என்ற கத்தோலிக்க மாணவர் இயக்கத்தில் கண்டார். அன்றாடம் நற்கருணை, அப்புறம் மலையேற்றம், அப்புறம் ஓசானாமின் சபையோடு சேரி வீடுகள். இளம்பிள்ளைவாதம் தாக்கி 24 வயதில், 1925இல் இறந்தார். சாகும் தறுவாயில், செயலிழந்து வரும் கையால், ஒரு நோயாளிக்கு ஊசி மருந்து சேர்க்க வேண்டும் என்று கிறுக்கி வைத்தார். அடக்கத்தன்று தெருவெல்லாம் ஏழை மக்கள். மகன் யார் என்று பெற்ற தகப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

இதெல்லாம் ஐரோப்பாக் கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். இயேசு சபை அருட்தந்தை கார்ட்டி 1924இல் இந்த மண்ணில் ஐக்கஃப் என்ற கத்தோலிக்க மாணவர் இயக்கத்தைத் தொடங்கினார். பிரான்சில் பிறந்து 1937இல் இங்கே வந்து, தமிழ் கற்று, தமிழராகவே வாழ்ந்து 2012இல் சென்னையில் கண்மூடிய அருட்தந்தை செராக், ஐக்கஃப் மாணவர்களோடு பல ஆண்டு நடந்தவர். மானாமதுரைப் பக்கத்து வறண்ட பூமியில் கிணறு வெட்டியவர். 1970இல் பூந்தமல்லியில் கூடிய ஐக்கஃப் மாணவர்கள், அநீதியான சமுதாயத்தில் பிறந்தோம், அதை அப்படியே விட்டுப் போக மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். ஓசானாமிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது தமிழ் மண்ணில் எழுந்த பதில்.

இனி நம் கல்லூரிகளுக்கு வருகிறேன். நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருக்கிறது. குறிப்பிட்ட மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும், மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்கு இன்னோர் அறைக்கும் போகிறார்கள். காரணம் நல்லதுதான். பிறர் மனச்சான்றை மதிக்கிறோம், நம் பிள்ளைகளுக்கு மறையறிவு ஊட்டுகிறோம். அது தொடரட்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். ஓசானாமைத் தட்டி எழுப்பிய அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவன் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறான்! இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்.

முதல்வர்களே, மாதத்துக்கு ஒரு மணி நேரம் அந்தச் சுவரைத் தாண்ட வழி செய்யுங்கள். அந்த வரலாற்று மன்றம் போல ஒன்று. மதம் மாற்ற அல்ல, தோற்கடிக்கவும் அல்ல. பெரியாரைப் படித்தவன் பேசட்டும். அம்பேத்கரைப் படித்தவள், தலித் கிறிஸ்தவருக்குக் கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்களைப் பற்றிக் கேட்கட்டும். நம் பிள்ளைகள் அந்தக் கேள்வியின் முன் நிற்கட்டும். அந்த மணி நேரம் முடிந்ததும் கேட்டவனும் கேட்கப்பட்டவனும் ஒரே பேருந்தில் ஏறி ஒரே குடியிருப்புக்குப் போகட்டும். அங்கே முதியவர் ஒருவரின் ஓய்வூதிய மனுவை இருவரும் சேர்ந்து நிரப்பட்டும்.

அரசுக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கும் நம் பிள்ளைகள் நிலை வேறு. அங்கே ஆன்மகுரு இல்லை, ஐக்கஃப் அறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு, அரியர் பயம், வேலைவாய்ப்பு நேர்காணல். ஊர்விட்டு வந்த பிள்ளை புதுப் பங்கின் திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் பெயர்கூடக் கேட்காமல் விடுதிக்குத் திரும்புகிறது. பங்குத்தந்தையரே, உங்கள் பங்கு எல்லைக்குள் எத்தனை கல்லூரி விடுதிகள் இருக்கின்றன? உங்கள் பங்கின் அன்பியக் குழு ஒவ்வொன்றும் ஒரு விடுதியை ஏற்றுக்கொள்ளக் கூடாதா? அந்தப் பிள்ளையைப் பாடல் குழுவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர் ஒருவரோடு வீடு சந்திக்க அனுப்புங்கள். வீடு சந்திக்கத் தெரிந்த பெரியவரும் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையும் ஒன்றாகப் படியேறினால், இருவருக்கும் அது பள்ளிக்கூடம்.

மாணவர்களே, உங்களுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. பாய்யி நாற்பதை நெருங்கியவர். இடம் கொடுத்தார், துணை நின்றார். வேலை செய்தவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். உங்கள் விடுதியில் எதையும் நம்பாத ஒருவன் இருப்பான், எல்லாவற்றையும் எதிர்த்துப் பேசும் ஒருத்தி இருப்பாள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைத்து வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவர்கள் பேசட்டும்.