தாய்க்கு ஒரு கட்டில், பிள்ளைக்கு ஒரு தொட்டில்

(அறவாரியத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இறைவன் சந்நிதியில் நான் பேச வந்த பொருள், பலரும் மேடையில் பேசத் தயங்கும் பொருள். குடிக்கு அடிமையான பெண்கள் தங்கிச் சிகிச்சை பெறுவதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "பெண்கள் குடிப்பதைக் கோயில் மேடையிலா பேசுவது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். மூடி வைத்த புண் ஆறியதாக நான் கண்டதில்லை.

குடியை எதிர்த்துப் போராடிய வரலாறு நமக்கு உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். அன்று முதல் இன்று வரை நம் மனத்தில் பதிந்த படம் ஒன்றே: ஆண் குடிப்பான், பெண் அழுவாள். அந்தப் படத்தில் குடிக்கும் பெண்ணுக்கு இடமே இல்லை. இடம் இல்லாததால் உதவியும் இல்லை.

தோட்டப்புறங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சென்றுவரும் நான் இப்பெண்களைக் கண்டிருக்கிறேன். பிள்ளை பெற்ற உடம்பு தேறட்டும் என்று பெரியவர்கள் கொடுத்த பிராந்தியில் தொடங்கியவர் உண்டு. நாளெல்லாம் செம்பனைப் பழம் பொறுக்கிய இடுப்பு வலிக்குச் சம்சு குடித்தவர் உண்டு. கணவனின் அடிக்குப் பயந்து, அவனோடு உட்கார்ந்து குடிக்கப் பழகியவரும் உண்டு. ஆண் கடைத்தெருவில் குடித்து விழுவான், ஊர் பார்க்கும். பெண் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பாள், கல்லீரல் வீங்கும்வரை யாருக்கும் தெரியாது.

பெண்ணின் உடலில் நீர் குறைவு. மதுவைச் சிதைக்கும் நொதியும் பெண்ணின் இரைப்பையில் குறைவாகவே வேலை செய்கிறது. அதனால் ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் மது அதிகமாகச் சேர்கிறது. ஆணைவிடக் குறைந்த ஆண்டுகளிலேயே கல்லீரல் கெடுகிறது. கருவுற்ற தாய் குடித்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையும் பாதிக்கப்படுகிறது.

இங்கே பக்தர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். குடிப்பவரைக் கோயிலுக்கு அழைத்து வந்து, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மனவுறுதிக்கு அது துணை. ஆனால் நாள் தவறாமல் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரும் போகும். "பேய் பிடித்துவிட்டது" என்று அறையில் பூட்டிவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சத்தியத்துக்குச் சாமியும் உடம்புக்கு டாக்டரும் வேண்டும்.

தங்கிச் சிகிச்சை பெறுவது எப்படி? முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் உடலிலிருந்து மதுவின் பிடியை இறக்குவார்கள். நடுக்கத்துக்கு மருந்தும், பி-1 வைட்டமினும், நல்ல உணவும் கொடுப்பார்கள். அதன்பின் சில வாரங்கள், ஏன் குடித்தோம், எப்போது கை தேடுகிறது, அப்போது என்ன செய்வது என்று தனியாகவும் குழுவாகவும் ஆலோசனை நடக்கும். குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. வீடு திரும்பிய பிறகு குறைந்தது ஓராண்டு தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தமிழர் நாட்டில் இதற்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி. குடிநோயால் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்கும் தெரியும். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நகரத்துக்கு வர முடியாத கிராமத்தாருக்காக, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989-இல் சிகிச்சை முகாம் தொடங்கினார்கள். பதினைந்து நாள் முகாம். ஊரார் துணை நின்றார்கள், மருத்துவக் குழு ஊருக்கே வந்தது. ஊர் கூடினால் சிகிச்சை ஊருக்கே வரும் என்பதற்கு அது சான்று.

பெண்களுக்குத் தனி இல்லம் என்பதும் புதிய எண்ணமல்ல. அமெரிக்காவில் 1949-இல் ஆண்களுக்காகத் தொடங்கிய ஹேசல்டன் நிறுவனம், 1956-லேயே பெண்களுக்கென ஓர் இல்லத்தைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் போதைப்பொருளுக்காக எழுதப்பட்டது. சம்சு குடிக்கும் தாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்றால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள், பைத்தியம் என்று பெயர் வந்துவிடும்" என்று அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சிகிச்சைக்கு வாருங்கள் என்று நான் அழைத்த தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி: "பிள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு வர்றதுங்க?" குடிகாரக் கணவனிடம் விட முடியாது. மாமியாரிடம் விட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளைகளைத் திருப்பித் தரமாட்டார்கள் என்ற பயம். ஆண் சிகிச்சைக்குப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள். பெண் போனால் யார் இருக்கிறார்கள்?

பெரியோர்களே, உங்களுக்குத் தோட்டத்து ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் ஒப்படைத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவாள். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் தாய் வேலைக்கு வரமாட்டாள் என்பது வெள்ளைக்காரத் துரைக்கும் தெரிந்திருந்தது. பால் வாளி நிறையக் கொட்டகை கட்டினார்கள். ஒரு தாயின் உயிர் பிழைக்க நாம் ஒரு கொட்டகை கட்டக்கூடாதா?

ஆகவே அறங்காவலர்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஒரு பெண்ணைச் சிகிச்சைக்கு அனுப்பும்போது அவள் பிள்ளைகளின் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே நிதி ஒதுக்குங்கள். முடிந்தால் தாயும் சிறு பிள்ளையும் சேர்ந்து தங்கும் இல்லத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, உதவி பெறும் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும், எந்த மலரிலும் வரக்கூடாது. கொடுத்தவர் பெயர் வரலாம், பெற்றவர் பெயர் வேண்டாம். மூன்றாவது, அவள் திரும்பி வந்ததும் ஓராண்டு காலம் வழித்துணையாக நம் மகளிர் இருவர் முன்வர வேண்டும். மருத்துவமனைத் தேதிக்குப் பஸ் கூலியும், கோயில் மடைப்பள்ளியில் அவளுக்கு ஒரு வேலையும், "வாம்மா" என்று ஒரு சொல்லும் போதும்.

ஒருமுறை மீண்டும் குடித்துவிட்டால், "இவள் திருந்தமாட்டாள்" என்று கைவிட்டுவிடாதீர்கள். நீரிழிவு ஏறினால் மருந்தை நிறுத்துகிறோமா? மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள்.

அன்னதானத்துக்கு ஒரு நாள் செலவை ஏற்பதுபோல், ஒரு தாயின் ஒரு நாள் சிகிச்சைச் செலவை ஏற்க உங்களில் ஒருவர் இன்று முன்வந்தாலும் நான் பேசியதற்குப் பயன் உண்டு. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களைக் காத்தருள்வானாக.